முதலில் பேட்டரி, பிறகு கணக்கு

தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்த அந்தக் கனத்த பேட்டரிகளில் பலவும் எல்லைக்கு அப்பால், சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்தவை. சித்தூர் மாவட்டம் பேட்டமிட்டா கிராமத்தைச் சேர்ந்த கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம், ரேணிகுண்டாவிலிருந்து கடப்பா செல்லும் சாலையில் உள்ள கரகம்பாடியில் வளர்ந்தது. அமரான் என்ற பேட்டரிப் பெயர் அங்கிருந்துதான் கிளம்பியது.

அந்தப் பேட்டரிக்குள் இருப்பது பழைய சமாச்சாரம். ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் பழுப்பு நிற ஈய டை ஆக்சைடு பூசிய தகடுகளும், சாம்பல் நிறத்தில் பஞ்சுபோன்ற ஈயம் பூசிய தகடுகளும் மாறிமாறி நிற்கும். இடையில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். மெக்கானிக் வந்து ஹைட்ரோமீட்டரை விட்டுக் ‘கிராவிட்டி’ பார்ப்பது இதற்காகத்தான். 1.28-ஐ ஒட்டிக் காட்டினால் நிறைந்திருக்கிறது, 1.15-க்குக் கீழே இறங்கினால் வடிந்துவிட்டது. ஓர் அறைக்கு 2.1 வோல்ட், ஆறு அறைக்கு 12.6.

இந்த 2.1 எங்கிருந்து வருகிறது? பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் முதல் ஈய அமிலப் பேட்டரியைச் செய்தபோது அவருக்கு விடை தெரியாது. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே 1897-இல்தான் தெரியவந்தது. காரணம் தெரியாமலேயே உலகம் ஒன்றரை நூற்றாண்டு அந்தப் பேட்டரியைப் பயன்படுத்தியது. முழு விடை 2011-இல் கிடைத்தது. அதைச் சொன்னது சோதனைக்கூடம் இல்லை, ஒரு குவாண்டம் கணக்கு.

ஐன்ஸ்டைனை அணைத்துப் பார்த்தால்

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்தியரான ராஜீவ் அகுஜாவும், ஃபின்லாந்தின் பெக்கா பூக்கோவும், அவர்களின் கூட்டாளிகளும் ஈய பேட்டரியின் வினையை எலக்ட்ரான் அளவில் கணினியில் கணக்கிட்டார்கள். கணக்கில் ஒரு வசதி உண்டு. இயற்கையில் நிறுத்த முடியாத ஒன்றை அதில் நிறுத்திப் பார்க்கலாம். அவர்கள் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளை நிறுத்தினார்கள். அதாவது ஒளியின் வேகத்துக்கு எல்லையே இல்லை என்று வைத்துக்கொண்டு அதே கணக்கை மறுபடி போட்டார்கள்.

சார்பியலோடு வந்த விடை 2.13 வோல்ட், சோதனையோடு ஒத்துப்போனது. சார்பியல் இல்லாமல் வந்தது 0.39 வோல்ட். ஆறு அறைகளையும் சேர்த்தாலும் இரண்டரை வோல்ட் தேறாது. எந்த வண்டியும் கிளம்பாது, எந்த மின்விசிறியும் சுற்றாது.

ஈய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அத்தனை மின்னேற்றம் இழுப்பதால் கருவுக்கு மிக அருகிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தில் சுமார் 60 சதவீத வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் அவற்றின் நிறை கூடுகிறது, அவை உலவும் பகுதி கருவை நோக்கிச் சுருங்குகிறது. அதே சுருக்கம் வெளிக்கூட்டின் எலக்ட்ரான்களில் இரண்டையும் எட்டுகிறது. ஈயம் அவ்விரண்டையும் இறுகப் பிடித்துக்கொள்ள விரும்பும். ஈய டை ஆக்சைடிலோ அவை ஆக்சிஜன் பக்கம் போய்விட்டன. எனவே, வெளிச்சுற்று வழியாக எலக்ட்ரான் வரும் என்றால் ஈய டை ஆக்சைடு அதைப் பலமாக இழுக்கிறது. அந்த இழுப்பின் அளவுதான் வோல்ட். தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்துக்கு 50 புரோட்டான்கள்தான். அங்கே இந்த விளைவு சொற்பம். வெள்ளீய பேட்டரி என்று ஒன்று கடைக்கு வராமல் போனதன் காரணமும் இதுவே.

அழகான கணக்கு. ஆனால் 152 ஆண்டுகள் பிந்தி வந்தது. பொருள்களின் வரலாறு முழுக்க இந்த வரிசைதான்: கை முதலில், கணக்கு பிறகு. எஃகும், கண்ணாடியும், சிமென்ட்டும் இப்படித்தான் வந்தன. குவாண்டம் கணினியை வைத்துப் புதிய பொருள் தேடுவது என்றால் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது. முதலில் கணக்கு, பிறகு உலை. அது எங்கே முடியும், எங்கே இன்னும் முடியாது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கணக்கு ஏன் பெருத்துப்போகிறது

ஷ்ரோடிங்கர் தம் சமன்பாட்டை 1926-இல் தந்தார். வேதியியல் முழுவதற்குமான விதிகள் கைக்கு வந்துவிட்டன, அவற்றைத் தீர்ப்பதுதான் முடியாத அளவுக்குச் சிக்கலானது என்று பால் டிராக் 1929-இலேயே எழுதிவிட்டார். சிக்கல் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஒரு மூலக்கூறில் எலக்ட்ரான்கள் தங்கக்கூடிய இடங்கள் 30 என்று கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் எலக்ட்ரான் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மொத்த அமைப்புகள் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107 கோடி. குவாண்டம் விதிப்படி மூலக்கூறு இவற்றில் ஏதோ ஒன்றில் மட்டும் இருப்பதில்லை. எல்லா அமைப்புகளும் வெவ்வேறு எடையில் கலந்த ஒரு நிலையில் இருக்கிறது. ஒவ்வோர் எடையையும் கணினி நினைவில் எழுதி வைக்க 16 பைட் ஆகும் என்றால் 17 ஜிகாபைட் வேண்டும். நல்ல மடிக்கணினி தாங்கும். இடங்கள் 50 ஆனால் சுமார் 11 கோடி கோடி அமைப்புகள், 18,000 டெராபைட். அதற்குமேல் ஓர் இடம் கூடும்போதெல்லாம் தேவை இரட்டிக்கும். பேட்டரித் தகட்டின் ஒரு துணுக்கில் கோடானுகோடி அணுக்கள். இந்த வழியில் போனால் முட்டுச்சந்துதான்.

முட்டுச்சந்தைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று வால்டர் கோன் காட்டியது. 1964, 1965 ஆண்டுகளில் அவரும் ஹோஹன்பெர்க், ஷாம் ஆகியோரும் எழுதிய கட்டுரைகள், ஒவ்வோர் எலக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடர வேண்டாம், எந்த இடத்தில் எவ்வளவு எலக்ட்ரான் அடர்த்தி என்பது தெரிந்தாலே ஆற்றலைச் சொல்லிவிடலாம் என்று நிறுவின. ஆய்வகங்களில் டிஎஃப்டி என்று சுருக்கமாகச் சொல்லும் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு இது. கோனுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அகுஜா குழு ஈயத்துக்குப் போட்டதும் இந்த வகைக் கணக்குதான்.

இன்னொரு வழியில் ஒரு சென்னைக்காரரின் கை உண்டு. சென்னை ஐஐடியில் முதுகலை படித்துவிட்டு அமெரிக்காவில் ஜான் போப்பிளிடம் ஆய்வு செய்த கிருஷ்ணன் ராகவாச்சாரி, 1989-இல் போப்பிளுடனும் வேறு இருவருடனும் சேர்ந்து வெளியிட்ட முறை, வேதியியல் கணக்குகளில் ‘தங்கத் தரம்’ என்று இன்றும் பெயர் வாங்குகிறது. துல்லியம் அபாரம், விலையும் அப்படியே. மூலக்கூறு இரண்டு மடங்கானால் கணக்கிடும் வேலை 128 மடங்காகும். பத்து மடங்கானால் ஒரு கோடி மடங்காகும். சிறிய மூலக்கூறுகளோடு அதன் ஆட்சி முடிகிறது.

டிஎஃப்டி மலிவு. நூற்றுக்கணக்கான அணுக்களையும் கையாளும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது. திருமலையில் கூட்டம் குறைவான நாளில், ஒருவர் தரிசனம் முடித்து வர எவ்வளவு நேரமாகும் என்பதைச் சராசரி நெரிசலை வைத்தே சொல்லிவிடலாம். புரட்டாசிச் சனிக்கிழமை அது நடக்காது. முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் நமக்கு நகர்வு, அவருக்கோ அவருக்கு முன்னால் இருப்பவர். எலக்ட்ரான்களும் சில பொருள்களில் தளர்வாக உலவுகின்றன. அங்கே சராசரி போதும். வேறு சிலவற்றில் ஒன்றின் அசைவு மற்ற எல்லாவற்றையும் பொறுத்தது. இயற்பியலாளர்கள் அவற்றை வலுவாகப் பிணைந்த எலக்ட்ரான் அமைப்புகள் என்பார்கள். நிக்கல் ஆக்சைடு நல்ல மின்காப்புப் பொருள். டிஎஃப்டியின் எளிய வடிவங்கள் அதை ஏறக்குறைய உலோகம் என்று சொல்லிவிடுகின்றன. இரும்பு, கோபால்ட், நிக்கல், மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சைடுகளில் இந்தத் தொல்லை அடிக்கடி தலைகாட்டும். லித்தியம் பேட்டரிகளின் நேர்மின்முனைகள் இந்தத் தனிமங்களால் ஆனவை.

அமரபுரத்துக்காரரும் அரை வோல்ட்டும்

திருப்பதியும் ஈயத்தோடு நிற்கவில்லை. சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ் 165 கோடி ரூபாயில் திருப்பதி மின்னணுத் தொழில் தொகுப்பில் அமைத்த லித்தியம் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தி 2022 செப்டம்பரில் தொடங்கியது. பவர் பேங்க் போன்ற கருவிகளுக்கான செல்களைச் செய்யும் அந்த ஆலையை நாட்டின் முதல் லித்தியம் செல் ஆலை என்று மத்திய அரசு அறிவித்தது.

இந்தத் தொழிலின் அடிப்படை வேதியியலில் ஒரு தமிழர் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. தென்தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களின் நடுவில் பேட்டரி ஆய்வாளர் ஜான் குடினஃபிடம் போய்ச் சேர்ந்தார். இருவரும் இரும்புச் சேர்மங்களை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: இரும்பை மாற்றாமல் அதைச் சுற்றியிருக்கும் தொகுதியை மட்டும் மாற்றினால் வோல்ட் மாறுமா? இரும்பு மாலிப்டேட், இரும்பு டங்ஸ்டேட் இரண்டிலும் 3.0 வோல்ட் கிடைத்தது. மாலிப்டேட் இருந்த இடத்தில் சல்பேட்டை வைத்தார்கள், 3.6 வோல்ட். கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் பலமாக இழுக்கிறது, இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு அதனால் தளர்கிறது, வோல்ட் ஏறுகிறது. 1980-களின் இறுதியில் வந்த இந்த முடிவுகள் பாஸ்பேட் பக்கம் வழி திறந்தன. 1997-இல் பாதி, நஞ்சுண்டசாமி, குடினஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். இன்று மின்பேருந்துகளிலும், ஈயத்துக்குப் பதிலாக விற்கும் லித்தியம் இன்வெர்ட்டர்களிலும் இருப்பது அதுதான். நான்கு செல்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், ஈயத்தில் ஆறு அறைகள் செய்த வேலை. 2019-இல் குடினஃபுக்கு நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்.

அவர்கள் இதை எட்டியது கணினியால் அன்று; வேதியியல் அறிவாலும் உலையாலும். பிற்பாடு அதே லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை டிஎஃப்டியின் வழக்கமான வடிவில் கணக்கிட்டபோது, வோல்ட் உண்மையைவிட ஏறக்குறைய அரை வோல்ட் குறைவாக வந்தது. 2004-இல் எம்ஐடியின் கெர்பிராண்ட் சேடர் குழு, இரும்பின் எலக்ட்ரான்களுக்கு என்று தனியாக ஒரு திருத்தத்தைச் சேர்த்த பிறகே கணக்கு சோதனையோடு பொருந்தியது. தெரிந்த பொருளுக்குத் திருத்தம் சேர்க்கலாம். இதுவரை யாரும் செய்யாத பொருளுக்கு எவ்வளவு சேர்ப்பது? வேதியியலாளர்கள் ‘வேதித் துல்லியம்’ என்று வைத்திருக்கும் அளவுகோல் ஒரு மோலுக்கு ஒரு கிலோகலோரி. பேட்டரிக் கணக்கில் அது சுமார் 43 மில்லிவோல்ட். அரை வோல்ட் பிழை அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

க்யூபிட் செய்யக்கூடியது

இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது என்றால் அதைக் கணக்கிடும் கருவியும் குவாண்டம் விதிப்படி நடக்கட்டும் என்று ரிச்சர்ட் ஃபெயின்மன் 1981-இல் ஓர் உரையில் சொன்னார். இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு யோசனையின் மேல் நிற்கிறது. 50 இடங்களின் 11 கோடி கோடி எடைகளை எழுதிவைக்க 18,000 டெராபைட் கேட்டோமே, குவாண்டம் கணினிக்கு அங்கே அதன் அடிப்படை அலகான க்யூபிட் 50 இருந்தால் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு க்யூபிட். எலக்ட்ரான் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எடைகளின் கலவையை க்யூபிட்களே தாங்கிக்கொள்ளும்.

ஆனால் அத்தனை எடைகளையும் வாசித்துவிட முடியாது. அளந்தவுடன் கலவை கலைந்து ஒரே ஓர் அமைப்புதான் கையில் கிடைக்கும். ஆகவே கலவையைத் தயாரிப்பதும், வேண்டிய எண்ணை, பெரும்பாலும் ஆற்றலை, அதிலிருந்து கறப்பதும்தான் வித்தை. ஒரு முறையில், குவாண்டம் கணினி ஒரு நிலையைத் தயாரித்து ஆற்றலை அளந்து சொல்லும். சாதாரணக் கணினி அதைப் பார்த்து நிலையைச் சற்றுத் திருத்தச் சொல்லும். ஆற்றல் மேலும் இறங்காத இடத்தில் நிறுத்துவார்கள். 2017-இல் ஐபிஎம்மின் அபினவ் கண்டாலாவும் குழுவினரும் ஆறு க்யூபிட்களில் இப்படி பெரிலியம் ஹைட்ரைடு வரை கணக்கிட்டார்கள். மூன்றே அணுக்கள் கொண்ட மூலக்கூறு. மடிக்கணினி கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். இதில் முக்கியம் விடை இல்லை, வழி வேலை செய்கிறது என்ற நிரூபணம்.

2025-இல் ஐபிஎம்மும் ஜப்பானின் ரிக்கென் நிறுவனமும் அடுத்த படியில் ஏறின. ஐபிஎம்மின் ஹெரான் குவாண்டம் சில்லில் 77 க்யூபிட் வரை பயன்படுத்தி, ஃபுகாகு மீக்கணினியோடு வேலையைப் பங்கிட்டு, நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கொண்ட ஒரு கொத்தைக் கணக்கிட்டார்கள். உயிரணுக்களின் நொதிகளில் இருக்கும் கொத்து அது. இரும்பின் எலக்ட்ரான்கள் முரண்டுபிடிக்கும் வகை. கணக்கு பெரியது, நேர்மையாகவும் சொல்லப்பட்டது: சாதாரணக் கணினிகளின் மிகச் சிறந்த முறைகளை அது மிஞ்சவில்லை.

2025 மே மாதம் ஐபிஎம், டிசிஎஸ், ஆந்திர அரசு மூன்றும் அமராவதியில் ‘குவாண்டம் வேலி’ அமைக்கப் போவதாக அறிவித்தன. அங்கே வரப்போவதாகச் சொல்லப்பட்டதும் இதே ஹெரான் வகை, 156 க்யூபிட். 6,003 கோடி ரூபாய் மதிப்பிலான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்திருந்தது. ‘156’ என்ற எண்ணைப் பார்த்ததும் 2-இன் 156-ஆம் அடுக்கு என்று மனம் தாவும். தாவ வேண்டாம். இன்றைய சில்லில் இரண்டு க்யூபிட்களை இணைக்கும் ஒவ்வொரு செயலும் ஆயிரத்தில் சில முறை தவறுகிறது. ஒரு புதிய பொருளின் ஆற்றலை 43 மில்லிவோல்ட் துல்லியத்தில் சொல்லக் கோடிக்கணக்கான செயல்கள் வேண்டும். சில ஆயிரம் செயல்களுக்குள்ளேயே பிழை விடையை விழுங்கிவிடும்.

இதற்கு மருந்து பிழைதிருத்தம்: பல நூறு க்யூபிட்களைச் சேர்த்து ஒரே நம்பகமான க்யூபிட்டாக நடத்துவது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நொதியின் மையத்தில் ஒரு கொத்து இருக்கிறது: ஏழு இரும்பு அணுக்கள், ஒரு மாலிப்டினம். அதைக் கணக்கிட சுமார் 40 லட்சம் க்யூபிட்களும் நான்கு நாளுக்குக் குறைவான நேரமும் ஆகும் என்று 2021-இல் ஒரு மதிப்பீடு வந்தது. செயல்முறை மேம்பட மேம்பட இந்த எண் இறங்குகிறது. கனடாவின் ஜனடு நிறுவனம் ஃபோக்ஸ்வாகனோடு சேர்ந்து லித்தியம் இரும்பு சிலிகேட்டுக்கும், கூகுளும் பிஏஎஸ்எஃப் நிறுவனமும் சேர்ந்து லித்தியம் நிக்கல் ஆக்சைடுக்கும் இத்தகைய மதிப்பீடுகளைச் செய்திருக்கின்றன. கார் கம்பெனியும் ரசாயனக் கம்பெனியும், இன்னும் பிறக்காத இயந்திரத்துக்கு இப்போதே கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு யார் தேடுகிறார்கள்

இதற்கிடையில் செயற்கை நுண்ணறிவு முந்திக்கொண்டது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டும் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகமும் ஒரு திட மின்பகுபொருளை அறிவித்தன. 3.2 கோடி சேர்மங்களிலிருந்து தொடங்கி, நிலைத்து நிற்கக்கூடிய 5 லட்சமாகக் குறைத்து, 80 மணி நேரத்தில் 18-க்கு வந்தார்கள். அவற்றில் ஒன்றை ஆய்வகத்தில் செய்தும் பார்த்தார்கள். லித்தியத்தின் ஒரு பகுதிக்குச் சோடியம் போட்ட பொருள் அது; லித்தியத் தேவை 70 சதவீதம் வரை குறையலாம் என்றார்கள். வேலை நடந்த மேடையின் பெயர் ‘அஜ்யூர் குவாண்டம் எலமென்ட்ஸ்’. பெயரில் குவாண்டம் இருந்தது. தேடலைச் செய்தவை நுண்ணறிவு மாதிரிகளும் சாதாரண மீக்கணினியும்.

நுண்ணறிவுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது பெரும்பாலும் டிஎஃப்டி கணக்குகளைப் படித்துத் தேர்ந்தது; ஆசானின் பிழை மாணவனிடமும் இருக்கும். 2023-இல் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிகங்களை அறிவித்த பிறகு, அவற்றில் புதுமையும் நம்பகமும் பயனும் ஒருங்கே உள்ளவை மிகக் குறைவு என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அந்தோணி சீத்தமும் ராம் சேஷாத்ரியும் எழுதினார்கள். குவாண்டம் கணினியின் உண்மையான இடம் இந்த இடுக்கில்தான். கோடிக்கணக்கில் சலிக்கும் வேலை அதற்கு வேண்டாம். டிஎஃப்டி தடுமாறும் சில நூறு பொருள்களுக்கு மட்டும் நம்பகமான எண்ணைத் தந்தால், அந்த எண்களை வைத்து மாதிரிகளைத் திருத்திக்கொள்ளலாம். அந்த இடமும் இனாமாகக் கிடைக்காது. பொதுவான வேதியியல் கணக்குகளில் குவாண்டம் கணினி அடுக்குக்குறி வேகத்தில் வெல்லும் என்பதற்குச் சான்று இன்னும் கைவரவில்லை என்று கார்னெட் சானும் பலரும் சேர்ந்து 2023-இல் காட்டினார்கள். சாதாரணக் கணினி முறைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

ஆகவே நம் பக்கத்தில் பயனுள்ள வேலை, க்யூபிட் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடக் கேள்வியைச் சரியாகக் கேட்பது. 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும், அதே ஆண்டில் வந்த இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரும், பழைய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் கரகம்பாடிக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. பேட்டரித் தகடு எங்கே உதிர்கிறது, எந்த நேர்மின்முனை எத்தனை சார்ஜுக்குப் பின் சோர்கிறது என்று தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். அதில் எந்தக் கேள்வி எலக்ட்ரான் அளவிலானது, எது வெறும் பூச்சுக் கோளாறு என்று பிரிக்கக் கணக்குக்காரர் வேண்டும். இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காராவிட்டால் அமராவதி இயந்திரத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறைத்தான் திரும்பத் திரும்பக் கணக்கிடுவோம்.

‘குவாண்டம் கணினி புதிய பொருளைக் கண்டுபிடித்தது’ என்று வரும் காலத்தில் செய்தி படிப்பீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். கணக்கின் எந்தப் பகுதியைக் க்யூபிட் செய்தது, எந்தப் பகுதியைச் சாதாரணக் கணினி செய்தது? அதே விடையைச் சாதாரணக் கணினியின் சிறந்த முறை தந்துவிடுமா? அந்தப் பொருளை யாராவது உலையில் வைத்து எடுத்து வோல்ட் பார்த்தார்களா? 2017 கணக்கு இரண்டாவது கேள்வியில் விழுகிறது. 2025 கணக்கும் அங்கேயே நிற்கிறது. 2024-இன் மின்பகுபொருள் மூன்றாவதில் தேறி முதலாவதில் தோற்கிறது. மூன்றுக்கும் தெளிவான விடையோடு ஒரு செய்தி வரும் நாளில்தான் கணக்கு பேட்டரிக்கு முன்னால் வந்துவிட்டது என்று சொல்லலாம்.